ஒன்பதாம் படி

காஜா பேராங், மலாக்கா.
14 நவம்பர் 1938

அன்புள்ள அஸ்மாவுக்கு,

உன்மீதும் மாமிமீதும் இறைவனின் சாந்தி இருக்கட்டும். மாமியின் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அவர் வீட்டுக்கு வந்த பிறகு நீ இப்போதுதான் கொஞ்சம் சோறு சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன். பினாங்கிலும் மழைதானா?

என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே மூன்று வாரமாக விடாத மழை. வீடு அழுகுகிறது. வெள்ளைச் சுவரெல்லாம் கரும்பச்சையாகப் பாசி வழிந்திருக்கிறது. தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நெளிகிறது. நேற்று ஏறிப் பார்த்தேன். செத்த புறா ஒன்று ஊறிக் கிடந்தது. கீழே கூடம்வரை நாற்றம்.

ஓடு பழையது, சரிவான கூரை பழையது என்று உன்னிடம் எவ்வளவு பேசினேன். கட்டடக்கலைஞர்கள் பெயராக அடுக்கினேன், கொர்புசியே என்றேன். குரோப்பியஸ் என்றேன். ஸ்டுட்கார்ட் நகரத்து வெள்ளை வீடுகளின் படங்களை உன் மடியில் விரித்துக் காட்டினேன். நீ எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாய். "இந்த வீட்டுலெல்லாம் துணி எங்கெ காயப்போடுவாங்க?" நான் சிரித்தேன். பம்பாயில் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்தவனின் சிரிப்பு.

வீட்டின் படம் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. உனக்கு அனுப்பவில்லை. படம் எடுக்க வந்த அன்று காலை கூரையில் இருந்த உன் துணிக்கொடியை நானே அவிழ்த்தேன். ஜன்னல் திரைகளையும் கழற்றினேன். படத்தில் வீடு முழுக்க வெளிச்சம். அதில் யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜெய்னுலாப்தீன் மாமா, சீன ரப்பர் வியாபாரி தவுக்கே ஓங்கை அழைத்துக்கொண்டு வந்தார். தவுக்கே கையில் அந்தப் பத்திரிகை. புக்கிட் பாருவில் நிலம் வாங்கியிருக்கிறாராம், இதேபோல் வீடு வேண்டுமாம். மாமா வீட்டைச் சுற்றிக் காட்டினார். தான் கட்டியதுபோல. "மாப்பிள்ளெ கட்டுனது வீடில்லெ தவுக்கே, கப்பலு" என்றார். "கப்பலுன்னா அடியிலெதானே தண்ணி இருக்கணும், இதுலெ மேலெ நிக்குதே" என்று தவுக்கே கூரையிலிருந்து வழிவதைக் காட்டி மலாயில் கேட்க, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டும் என்று மாமா எதிர்பார்த்தார்.

பிறகு படிக்கட்டுக்கு வந்தார்கள். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பதினாறு கான்கிரீட் பலகைகள். பிடிக்க எதுவுமில்லை. காற்றில் நிற்பதுபோல இருக்கிறது என்றார் தவுக்கே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒன்பதாம் படியில் நின்று, அடுத்த படியின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார். அழகு, அழகு என்றார்.

ஒன்பதாம் படியில், அஸ்மா.

 

நீ மூன்று முறை கேட்டாய். மூன்றும் நினைவிருக்கிறது. முதல் முறை சுண்ணாம்பு அடித்த அன்று. இரண்டாம் முறை போன நோன்புப் பெருநாளுக்கு முன்னால். மூன்றாம் முறை உனக்கு ஆறு மாதம் முடிந்தபோது. "புடிச்சுக்க ஒரு கம்பி மட்டும் வச்சுக் கொடுங்களேன், அழகெல்லாம் கெட்டுப்போவாது" என்றாய். படிக்கட்டின் கோடு உடைந்துவிடும் என்றேன். ஒரு கோட்டுக்காக.

என்னிடம் ஒரு அளவுப் புத்தகம் இருக்கிறதே, ஜெர்மன் புத்தகம். அதில் ஓர் ஆள் வரையப்பட்டிருக்கிறான். படி ஏறுகிறான், நாற்காலியில் உட்காருகிறான், கதவைத் திறக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அளவு. அவனை வைத்துத்தான் இந்த வீட்டை வரைந்தேன். அவன் கைலி கட்டியதில்லை. காய்ந்த துணியை எடுக்க, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழைக்கு முன் மேலே ஓடியதில்லை. அவன் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்ததில்லை.

நீ ஏன் மேலே போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். மாமா இன்னும் கேட்கிறார். எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் தெருவுக்கு முகம் காட்டி நிற்கமாட்டார்கள் என்று தெரிந்தும், தெருப்பக்கம் முழுக்க ஒரே நீள ஜன்னல் வைத்தேன். நீ அதை முழுக்கத் திரை போட்டு மூடினாய். பழைய வீட்டில் நடுமுற்றம் இருந்தது, வானம் இருந்தது. அது வீணான இடம் என்று எடுத்துவிட்டேன். பகலில் விளக்கு ஏற்றிக்கொண்டு இருந்தாய். வானம் பார்க்க உனக்குக் கூரை ஒன்றுதான் மிச்சம்.

தவுக்கேயிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் என் மனைவி விழுந்தாள், பிள்ளை இறந்தே பிறந்தது என்றேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மாமாவுக்குத்தான் கோபம். "ஊட்டுச் சங்கதியெ ஊரானுகிட்ட சொல்லுவாங்களா?" என்று வாசலில் வைத்து ஏசினார்.

மறுநாள் காலை தவுக்கே என் அலுவலகத்துக்கு வந்து துரையைப் பார்த்திருக்கிறார். அதே வீடு வேண்டும். படியும் அப்படியே இருக்கட்டும். மருமகளின் அறையை மட்டும் கீழே வைத்துவிடுங்கள் என்றாராம். துரை அதைச் சொல்லிச் சிரித்தார். புத்திசாலி மனிதர் என்றார். வரைபடத்தை என் மேசையில் வைத்தார். கைப்பிடி இல்லாமல் வரையமாட்டேன் என்றேன். துரை காகிதத்தைச் சுருட்டிப் பக்கத்து மேசையில் வைத்தார். அந்த மேசைக்காரன் பென்சில் சீவத் தொடங்கிவிட்டான். என்னைவிட அழகாகக் கோடு போடுவான். வீடு எழும்பும், அஸ்மா. புக்கிட் பாருவில் எழும்பும். அதைப் பார்த்து இன்னொன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் கபுருக்குத் தலைமாட்டில் மீஸான் கல் வைக்க வேண்டும், புதுமாதிரியாக நீயே வரைந்து கொடு என்று மாமா சொன்னார். வரையவில்லை. ஆற்றங்கரையிலிருந்து சாதாரணக் கல் ஒன்றை எடுத்துவந்து நானே நட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன்.

நேற்று மலாக்காச் செட்டிகளின் கம்போங் சிட்டியிலிருந்து தச்சர் நாகப்பனை வரவழைத்தேன். தமிழ்ப் பெயர்தான், பேச்செல்லாம் மலாய். படியைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் ஏதோ திட்டினார். என்னைத்தான். நல்ல வைரம் பாய்ந்த மரம் இருக்கிறது, பிடிக்க வழவழப்பாக இழைத்துத் தருகிறேன் என்றார். பிறகு கேட்டார். எவ்வளவு உயரம்?

பழக்கத்தில் புத்தகத்தை எடுத்தேன். திறக்கவில்லை.

இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ படி ஏறும்போது உன் கை எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தச்சர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு, தெரிந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று மரத்தை வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். இப்போதும் அங்கேதான் சாய்ந்திருக்கிறது. நனையாமல் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்.

நீ எனக்கு எதுவும் எழுத வேண்டாம். ஒரு நூலை எடுத்து, தரையிலிருந்து உன் கை வரைக்கும் மாமியை அளக்கச் சொல். அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, நூலை மட்டும் உறையில் வைத்து அனுப்பு.

இறைவன் உன் உடம்பைத் தேற்றித் தரட்டும்.

சிக்கந்தர்