காலைத் தூக்குங்க சார்

என்னங்க, சாமி புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

நான் கூட்டித் துடைக்கிற கம்ப்யூட்டர் ஆபீஸ்ல ஒரு கூத்து. செத்துப்போன இன்ஜினியர் ஒருத்தரோட கம்ப்யூட்டர் மெஷின் அணையாம ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னு புரோகிராம் எழுதுற பொண்ணைக் கேட்டேன்.

"எல்லா புரோகிராமும் நேரா அதுக்குள்ள போய்த்தான் ஃபைல் எடுக்குது அத்தை. ஃபைல் ஒரே இடத்துல இருக்கிறவரைக்கும் அது போதும். இப்ப இதை அணைக்கணும்னா ஃபைலை வேற இடத்துக்கு மாத்தணுமே! அதான் எடுத்துக் குடுக்க நடுவுல ஒரு புரோகிராம் வெக்கிறோம். யார் கேக்குறாங்கன்னும் அது காட்டும்."

வெச்சாங்க, ஃபைலை மாத்தினாங்க. அவர் மெஷினோட வயரை நான்தான் பிடுங்கிச் சுத்தி வெச்சேன்.

மறுநாள் காலையில அந்தப் பொண்ணு வெளிறிப்போய் நிக்கிறா. அவர் மெஷின்ல இருந்து, அவர் பேர்லயே ஃபைல் கேக்குதாம்! வயரு சுத்தினபடியே கிடக்கு.

"குடுக்கவா அத்தை?"

"அவரோடதுதானே, குடுத்துடும்மா."

குடுத்தா. மெஷின் மேல கை வெச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு.

நீங்க பயப்படாதீங்க. நம்ம சாமி படம் சின்னதா ஒண்ணு அனுப்புங்க, உங்க போட்டோவும். பஸ் ஸ்டாப்புல உக்காந்துதான் இதை எழுதுறேன், பஸ் வந்திருச்சு. இப்பல்லாம் அவர் நாற்காலிகிட்ட போனா, "கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்"னு சொல்லிட்டுத்தான் கூட்டுறேன்.