மாமன் மடி

12-11-1944
ஆபீசில் ஜப்பான்காரன் கணக்குப்படி வருஷத்தை 2604 என்று எழுதச் சொல்கிறார்கள். இங்கே என் இஷ்டம்.

சயாமிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. தங்கச்சி கமலவேணி வீட்டுப் பின்னால், விறகுக் கொட்டகையில் இருக்கிறேன். தட்டு, குவளை தனி. அது நானே கேட்டது. ரயில் பாதை வேலையில் எனக்கு வாந்திபேதி வந்து போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி டிரெசர் கால் புண்ணையும் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல, எல்லாரோடயும் இருக்கலாம்” என்றார். தங்கச்சி புருஷன் நல்லையாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். குழந்தையை மட்டும் இன்னும் என் பக்கம் விடவில்லை. நான் போன பிறகு பிறந்த பெண். தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் சந்திரமதி என்னைக் கண்டதும் பாதி வாளியோடு போய்விட்டாள். அவள் தம்பி தியாகுவும் நானும் ஒரே லாரியில் ஏற்றப்பட்டவர்கள். அவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

19-11-1944
வரிசை வீட்டு ஆண்கள் வந்தார்கள். “தப்பா நெனைக்காத பொன்னுதொர, புள்ளைங்க உள்ள எடம். கெணத்துப் பக்கம் வர வேணாம்.” சரி என்றேன். நல்லையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி கமலவேணிதான் எனக்கும் தண்ணீர் சேந்துவாள். நான் காய்ச்சிக் குடிக்கிறேன். அங்கே பிழைத்தவர்கள் பெரும்பாலும் காய்ச்சிக் குடித்தவர்கள்.

3-12-1944
மழை. மரவள்ளிக்கிழங்கு. வேறொன்றுமில்லை.

10-1-1945
தை மாதம் குழந்தைக்குக் காது குத்து. நல்லையா கொட்டகை வாசல் வரை வந்து சொன்னார். “ஊரு பேசும் மச்சான். உஜோங் பாசிர்ல உங்க ஒண்ணுவிட்ட தம்பி ஜெயபாலன் இருக்கான். அவன் மடியில வச்சுக் குத்திருவோம்.” நல்லது என்றேன். நிஜமாகவே நல்லது என்றுதான் பட்டது.

கமலவேணி காதில் விழுந்துவிட்டது. “கூடப் பொறந்தவரு உசுரோட இருக்கையில என் புள்ளைக்கு இன்னொரு மடியா? அப்ப காது மூளியாவே இருக்கட்டும்.”

வேணாம்மான்னு சொன்னேன். கேக்கல. எனக்காக ஏன் ஊரைப் பகைக்கணும்? புருஷனோட சண்டை எதுக்கு? நான் பாட்டுக்கு மூலையில கெடந்துட்டுப் போறேன்.

17-1-1945
கமலவேணியும் நல்லையாவும் ஒரு வாரமாய்ப் பேசவில்லை. இன்று நல்லையா, “ஒன் இஷ்டம்” என்றாராம்.

அவளே வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வெற்றிலை வைத்து அழைத்தால் வரமாட்டேன் என்று வாயால் சொல்ல யாருக்கும் கூசும். அது அவளுக்குத் தெரியும். “தாய்மாமன் மடியில வச்சுக் குத்துறோம், வந்துருங்க” — எல்லா வாசலிலும் இதுதான். எந்த மாமன் என்று சிலர் கேட்டார்களாம். “எனக்கு எத்தன அண்ணன்?” என்றாளாம்.

காது குத்தும் சுப்பையன் ஆசாரி மட்டும் வேறு கேள்வி கேட்டார். “சயாம் போயி எளச்சு வந்துருக்கான். புள்ளைய அசையாமப் புடிக்க அவன் கையில பலம் இருக்கா?”

26-1-1945
காது குத்து நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். ஆனால் எல்லோரும் முற்றத்து ஓரத்திலேயே நின்றார்கள். குளித்து, நல்லையாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். கமலவேணி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. “நல்லாப் புடிங்கண்ணே” என்றாள். பிடித்தேன். என்ன கனம்.

ஆசாரி குத்தியதும் வீறிட்டு அழுதது. அம்மா கையை நீட்டியும் போகாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள்.

மாமனுக்கு முதல் இலை. பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த நல்லையா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்தது ஆசாரி. அப்புறம் இலை போதவில்லை.

சந்திரமதி வேலி ஓரம் நின்றிருந்தாள். சாப்பிடாமல் போய்விட்டாள்.

2-2-1945
கிணற்றில் நானே தண்ணீர் சேந்தினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

18-2-1945
சந்திரமதி கொட்டகைக்கு வந்தாள். நின்றுகொண்டே கேட்டாள்.

“தியாகு இல்லதானே?”

இல்லை என்றேன். மழைக்காலம், வாந்திபேதி, ஒரே ராத்திரி.

“கூட இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“தண்ணி கேட்டானா?”

“கேட்டான். குடுத்தேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சீக்குக்குப் பயந்தேன், இல்லேங்கல. ஆனா ஒங்களப் பாத்தா இதக் கேட்டாகணுமேன்னுதான் ரொம்பப் பயந்தேன்” என்றாள். அவள் அழுததை நான் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும்— சரி, விடு.

போகும்போது சொன்னாள்: “என் மவனுக்கு மூணு வயசாச்சு. தியாகு வரட்டும்னு காது குத்தாம வச்சிருக்கேன்.”

11-3-1945
சந்திரமதி மகனுக்குக் காது குத்தினார்கள். என் மடியில்.

சுப்பையன் ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “மாமன் பேரச் சொல்லும்மா” என்றார். தியாகு என்றாள். கொஞ்சம் பொறுத்து, பொன்னுதுரை என்றாள்.

அவர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிவிட்டுக் குத்தினார்.