ரேடியோ இரைந்தால் ஹீட்டர் போகாது

மாப்ளே,

இன்று காலை பட்டறையில் புது ஹீட்டரைப் போட்டதும் உன் பழைய ரேடியோ கரகரவென்று இரைந்தது. பாட்டு துண்டு துண்டாக வந்தது. "எடுத்து வைங்க, இது லாரியில போவாது" என்று பசங்களிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு.

நாம் முதன்முதலில் செய்த கோழிக்குஞ்சு ஹீட்டர் ஞாபகம் இருக்கிறதா? வெண்ணந்தூர்ப் பண்ணைக்காரம்மா போன் செய்தார். "சூடெல்லாம் நல்லாத்தானுங்க வருது. ரேடியோதான் படபடன்னு அடிக்குது. குஞ்செல்லாம் மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்குதுங்க." வெளியில் கேட்கும் சத்தத்துக்கு மிரளாமல் இருக்கத்தான் கொட்டகையில் எந்நேரமும் பாட்டுப் போட்டு வைப்பார்கள். அந்தப் பாட்டே மிரட்டினால் குஞ்சு என்ன செய்யும்? ரேடியோதான் கெட்டுவிட்டது என்று, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றோமே, மகா புத்திசாலிகள். அதுவும் இரைந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நம் கன்ட்ரோலர்தான் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் மின் இரைச்சலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் நீ மின்காந்த இணக்க விதிகளைத் தேடிப் படித்தாய். மின்சாரத்தில் சூடாக்கும் கருவி, அளவுக்கு மேல் இரைச்சலை வெளியே விடக்கூடாது. அடுத்த கருவியின் இரைச்சலைத் தானும் தாங்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. நீ சிரித்தாய்.

"சொவரு ஒட்டுன லைன் ஊட்டுல குடியிருக்கற மொறதான் மாப்ளே. நம்ம சத்தம் அடுத்த ஊட்டுக்குப் போவக்கூடாது. அவிங்க சத்தத்துக்கு நாம ஆடிப்போவவும் கூடாது."

இரைச்சலை அடக்கும் பில்டர் வைத்தோம், குஞ்சுகள் அடங்கின. லேப் சான்றிதழ் வந்த பிறகும் ஒவ்வொரு ஹீட்டரையும் ரேடியோ பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவாய். பிடிவாதக்காரன்.

ஆஸ்பத்திரியில் உனக்கு உடம்பு சில்லிட்டபோது வெதுவெதுப்பான காற்று ஊதும் மெஷினைக் கட்டிலருகே வைத்தார்கள். அதை ஒட்டியே நெஞ்சுத் துடிப்பைக் கோடாகக் காட்டும் மானிட்டர். அந்த நிலையிலும் நீ அதைத்தான் பார்த்தாய். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. கோடு கலையுதா பாரு" என்றாய். கலையவில்லை. மறுநாள் அந்தக் கோடு நேராக ஓடியபோது, இது ஹீட்டரின் கோளாறாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் மனசுக்குள் கெஞ்சினேன். இல்லை மாப்ளே. யாரோ ஒழுங்காகச் செய்த மெஷின் அது.

இன்று மதியம் அந்தப் புது ஹீட்டரின் பில்டரை மாற்றி மறுபடி போட்டோம். பாட்டு அறுபடாமல் ஓடியது. லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "லேப்லயும் பாஸாயிடுச்சு, இப்ப இரையவும் இல்லீங்களே, இன்னும் ரேடியோ எதுக்குங்க?" என்று புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண் கேட்டாள்.

"இரு சாமி, பாட்டு முடியட்டும்" என்றேன். "எங்க மாப்ள கேட்டுக்கிட்டிருக்கறான்."