இரண்டு சாக்கு உமி

ரூபியின் அப்பாவுக்கு,

போனில் தொடங்கினால் திரும்பவும் சத்தம் போடுவோம் என்பதால் எழுதுகிறேன். கோழிகள் எல்லாம் சுகம்.

நீங்கள் கோபித்துக்கொண்டு ஈச்சிலம்பற்றுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்குப் போன மறுநாளே, கோழி அடைப்புக்குள் நீங்கள் கொட்டிய கடற்கரை மணலை வெட்டி அள்ளினேன். ஈர மணல், பதினேழு ஓலைக் கடகம். தனியத்தான் சுமந்தேன். உப்பு மணல் ஈரத்தை இழுத்து நாறும் என்று நான் சொன்னதற்குத்தானே, "நான் செய்யிறதெல்லாம் உனக்கு நாத்தம்" என்று கிளம்பினீர்கள்?

நிலத்தை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, மதில் வேலையில் மிஞ்சிய சரளைக் கிரவல் மண்ணைப் பரப்பினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் அதே நாற்றம்.

ரூபி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அம்மா, அப்பான்ட மணல்தான் இல்லையே, பிறகேன் நாறுது?"

என் கையில் மீன் சட்டி இருந்தது. குடலைக் கோழி தின்னட்டும் என்று, மீன் கழுவிய தண்ணீரையும் சேர்த்துத் தினமும் அடைப்புக்குள் ஊற்றுகிறவள் நான்தான்.

இப்போது அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகிறது. நாற்றம் இல்லை. மாரி தொடங்குமுன் நிலத்துக்கு உமி போட வேண்டும். அங்கே மில்லில் சும்மா கிடக்கும், இரண்டு சாக்கு போதும். பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள்.

உமிச் சாக்கு எனக்குத் தனியத் தூக்க ஏலாது.

இப்படிக்கு,
மீன் தண்ணீர் ஊற்றினவள்