கீழ்ப் பொத்தான்

அடியே,

அந்தப் பிசியோதெரபிஸ்ட் வேலை உனக்கே கிடைத்துவிட்டதாமே. நன்றாக இரு.

நேர்முகத் தேர்வில் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் என் முடியை ஒதுக்கிவிட்டு, "பயப்படாதடி, சும்மா பேச்சுதான்" என்றாய்.

உள்ளே போனேன். என் கையால் தேறிய ஒருவரைப் பற்றிக் கேட்டார்கள். பக்கவாதம் வந்த அப்பா மறுபடி தானே சட்டை போடப் பழகியதைச் சொன்னேன். கீழ்ப் பொத்தானில் தொடங்கினால் கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எட்டும் என்று நான் கண்டுபிடித்ததைச் சொல்லும்போதே தலைமை தெரபிஸ்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, இப்பத்தானே ஒரு பொண்ணு அவ அப்பாவைப் பத்தி இதையே சொல்லிட்டுப் போனா? கொஞ்சம் மாத்தியாவது சொல்லக் கூடாதா?"

முந்தின நாள் கேள்வி கேட்பவராக நடித்து, அதைத் திரும்பத் திரும்ப என்னைச் சொல்லவைத்தவள் நீதானே!

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. உனக்கு வேலை கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அவளைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்கிறார். நீ வருவாயென்று புதுச் சட்டையை எடுத்து இப்போதே போட்டுப் பார்க்கிறார், கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக.

வா. ஆனால் வழக்கம்போல் அவரை அப்பா என்று மட்டும் கூப்பிடாதே.

இப்படிக்கு,
அவருடைய ஒரே மகள்