பால்கனி டம்ளர்

கோல் மார்க்கெட், தில்லி
18-3-2004

அன்பு மக சுஷ்மாவுக்கு, அம்மா வீராயி சொல்லச் சொல்ல இஸ்திரி மாசிலாமணி அண்ணன் எழுதறது. நான் நல்லாத்தான் இருக்கேன், முட்டி வலி மட்டும் விட்டுப் போக மாட்டேங்குது. நீ ஐதராபாத்துல ஆஸ்டல் சோறு தின்னு இளைச்சுப் போகாம இருக்கணும்னு வேண்டிக்கறேன். இங்க வெயில் இன்னும் ஏறல. பார்க்குல அரசமரமெல்லாம் எலையைக் கொட்டுது, பெருக்கறவன் நம்ம பில்டிங் பின்னாடி இடுப்பு ஒசரத்துக்குக் குவிச்சு வச்சிருக்கான், அள்ளத்தான் வண்டி வரல. அந்தக் குவியலை ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வரும். போன்ல சொல்லியிருப்பேன். ஆனா போன் இருக்கறது ராஜலக்ஷ்மி அம்மா ஹால்ல, பூத்துக்குப் போனா முதுகுக்குப் பின்னாடி நாலு பேரு ஜல்தி ஜல்திங்கறான். இது நின்னுகிட்டு சொல்ற விஷயம் இல்ல. படிச்சு முடிக்கற வரைக்கும் நீயும் உக்காந்துக்க.

போன சனிக்கெழம நான் பாத்திரம் தேச்சுகிட்டு இருக்கேன், ராஜலக்ஷ்மி அம்மா கையில ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தோட சமையக்கட்டுக்கு வந்தாங்க. அவங்க தங்கச்சி மக ஆபீஸ்ல யாரோ குடுத்ததாம், உங்க வீட்டு வேலைக்காரி பொண்ணு கதைக்கு மொதப் பரிசுன்னு. பாத்தா உன் போட்டோ. முடியை விரிச்சுப் போட்டுகிட்டு நிக்கற, அதைப் பத்தி கடைசியில பேசறேன். கீழ சுஷ்மான்னு போட்டிருக்காம். நீ பொறந்தப்ப உங்கப்பா பச்சையம்மான்னு வைக்கணும்னாரு, ஆஸ்பத்திரி நர்சுக்கு அது வாயில நொழையல, அவளே சுஷ்மான்னு எழுதிட்டா, அந்தப் பேரு இன்னிக்கு அச்சுல வந்திருக்கேன்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. ஈரக் கையை முந்தானையில தொடச்சுகிட்டு நீட்டறேன், அந்தம்மா புஸ்தகத்தைக் குடுக்கல. என்னடி வீராயி, நம்மாத்துல ஒனக்கு என்ன கொறை வெச்சோம்னாங்க.

அப்பறம் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, கதையைத் தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சாங்க. எல்லாம் இருக்கு. பால்கனிக் கம்பியில கவுத்து வச்சிருக்கற என்னோட எவர்சில்வர் டம்ளர், அதோட அடி நெளிசல், மழையானாலும் பனியானாலும் இருவத்திரண்டு வருசமா நான் வெளியவே நின்னு டீ குடிக்கறது, அவங்க ஒரு சாண் ஒசரத்துலேருந்து ஊத்தறது. ஆளுங்க பேரையெல்லாம் மாத்திட்ட, டம்ளரை மாத்தலையே தாயி. அந்தம்மாவும் மழுப்பல. தனி டம்ளர் நெஜந்தான், எங்க மாமியார் காலத்து வழக்கம், நான் இல்லேங்கலைன்னாங்க. ஆனா கடைசிப் பக்கத்துல அந்த வேலைக்காரி மாமி கண்ணு முன்னாடியே டம்ளரை வீசறாளே, மூணு மாடியும் உருண்டு போறதே, குடியிருக்கறவாள்லாம் கதவைத் தெறந்து பாக்கறாளே, இது எப்போடி நடந்துது, சொல்லுன்னாங்க. உள்ள பேப்பர் படிச்சுகிட்டிருந்த அவங்க வீட்டுக்காரர் கோபாலன் சார் தலையைத் தூக்காம, கதை பொய்னு அவ பொண்ணே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடட்டும், பத்திரிகைக்கு அனுப்பிடலாம், முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள வரலேன்னா அவ குடியிருக்கற சர்வென்ட் குவாட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுன்னாரு. அதுல தங்கி வேலை செய்ய பீகார் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு தயாரா இருக்காங்களாம்.

நான் திரும்பிப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிச்சேன். ஏன்னா சுஷ்மா, அந்த டம்ளரை நான் தூக்கிப் போடவே இல்ல.

நீ எட்டாவது படிச்சப்ப ஒரு நாள் கிளாஸ்ல எந்திரிச்சு இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொல்லி, நாக்கு ஒட்டிகிட்டு நின்னுட்ட, புள்ளைங்க எல்லாம் சிரிச்சுதுன்னு வந்து சொவத்தைப் பாத்துப் படுத்துகிட்ட. இனிமே பள்ளிக்கூடம் போகல, நானும் உன்கூட பாத்திரம் தேய்க்க வர்றேன்னு சொன்ன. எழுத்து தெரிஞ்ச அம்மாவா இருந்தா பாடம் சொல்லிக் குடுத்திருப்பா, எங்கிட்ட இருந்தது வாய் ஒண்ணுதான். இன்னிக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமான்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா கண்ணு முன்னாடியே டம்ளரை வீசினேன், டங் டங் டங்னு நாப்பத்தெட்டுப் படியும் உருண்டுச்சுன்னேன். நீ எந்திரிச்சு உக்காந்த. இன்னொரு வாட்டி சொல்லுன்ன. மறுநாள் போயி எந்திரிச்சு நின்னு வாசிச்சேன்னு நீதான் வந்து சொன்ன. அப்பறம் எப்ப உனக்குப் பரீச்சை வந்தாலும் இந்தக் கதைதான். நானும் ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணைச் சேத்துகிட்டே போனேன், மொதல்ல நாய் கெடையாது, அப்பறம் நாய் வந்துச்சு, அப்பறம் கீழ் வீட்டு சர்தார்ஜி பாதி கட்டின தலப்பாவோட ஓடி வந்தாரு. பழைய பேப்பர் வாங்கற கபாடிவாலாவுக்குப் போடச் சொல்லி அந்தம்மா குடுத்த இங்கிலீஷ் புஸ்தகத்தையெல்லாம் நீ எடுத்து வச்சு, டிக்சனரி பாத்துப் பாத்துப் படிச்ச, நானும் ஒருநாள் கதை எழுதப் போறேன்ன. பொண்ணு முன்னுக்கு வருதேன்னு நானும் உண்மையைச் சொல்லாம விட்டுட்டேன். மறுநாள் காலையில அதே டம்ளரைக் கழுவித்தான் டீ குடிச்சேன். படிக்கற புள்ளைக்கு அங்க என்ன வேலைன்னு உன்னை அந்த வீட்டுப் படி ஏற விட மாட்டேனே, அதுக்குக் காரணம் இதுதான். நீ பால்கனியைப் பாத்துடுவியோன்னு பயம்.

நாலு நாளும் வேலைக்குப் போனேன். அந்தம்மா மத்ததெல்லாம் எப்பவும் போலத்தான், கொத்தமல்லி என்ன வெலை சொல்றான்னு கேப்பாங்க, அடுத்த மூச்சுல லெட்டர் போட்டியான்னு கேப்பாங்க. மாசிலாமணி அண்ணன், ஒரு வரிதானே, எழுதச் சொல்லிட்டுப் போ தங்கச்சி, இந்த வயசுல எங்க போயி வாடகைக்கு இருப்பன்னாரு. இதையும் எழுதுங்கன்னு சொன்னேன், மொகத்தைச் சுளிச்சுகிட்டு எழுதறாரு. அவர் சொன்னதுல தப்பு இல்ல, நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எம் பொண்ணு தன் கையாலேயே தன் கதையைப் பொய்யின்னு எழுதிட்டு, அடுத்த வாட்டி நாலு பேரு முன்னாடி வாசிக்க எந்திரிச்சா நாக்கு திரும்பவும் ஒட்டிக்குமே. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

நேத்து புதன்கெழம. டீ எப்பவும் போல பால்கனிக்கு வந்துச்சு. அம்மா, ஒரு நிமிசம் வெளிய வாங்கன்னு கூப்பிட்டேன். கரண்டியும் கையுமா வந்தாங்க. டீயை முழுசாக் குடிச்சேன், இஞ்சி தட்டிப் போட்டது, எதுக்கு வீணாக்கணும். குடிச்சுட்டு டம்ளரைக் கம்பிக்கு வெளிய வீசிட்டேன். சத்தமே வரல சுஷ்மா. அந்த எலைக் குவியலுக்குள்ள பொதக்குனு போயிடுச்சு. ஒரு டங்காவது கேக்கும்னு நானே எட்டிப் பாத்தேன். நாய் வரல, ஒரு கதவும் தெறக்கல, சர்தார்ஜி பஞ்சாப் போயிருக்காரு. அந்தம்மா கரண்டியோட அப்படியே நின்னாங்க. ஏண்டி, இஞ்சி ஜாஸ்தியாயிடுத்தான்னு கேட்டாங்க. இல்லம்மா, கதை இப்ப நெஜமாயிடுச்சு, இனிமே யாரும் பொய்யின்னு எழுதித் தர வேண்டாம்னேன். அவங்களுக்கு மொகம் செவந்து போச்சு, உள்ள போயிட்டாங்க. இருவத்திரண்டு வருசம் அவங்க கையால சோறு தின்னிருக்கேன், பட்டுனு எறங்கிடத் தோணல. மிச்சப் பாத்திரத்தைத் தேச்சு வச்சுட்டு, மாசக் கடைசியில சாவி குடுத்துடறேன் சார்னு சொல்லிட்டு எறங்கினேன். பேப்பர் அசையல.

முனிர்காவுல ஒரு ரூம்பு இருக்காம், அங்க தங்கிப் படிக்கற நம்ம ஊர்ப் பசங்களுக்குச் சமைச்சுப் போட ஆளு தேடறாங்களாம், அண்ணன் ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன்னாரு. கெடைக்குமான்னு தெரியாது. பயமாத்தான் இருக்கு. நீ அதுக்காகப் படிப்பை விட்டுட்டு ரயில் ஏறி வந்து நிக்காத. அம்மா உங்கிட்ட பத்து வருசம் பொய் சொன்னதுக்கு உனக்குக் கோவம் வரும், கோவப்பட்டுக்க, கோவத்தோடயே சாப்பிடு. அந்தம்மா போன் பண்ணி, பொய்யின்னு எழுதிக் குடுன்னு கேட்டா, நடந்ததைத்தான் எழுதியிருக்கேன்னு தைரியமாச் சொல்லு, பத்திரிகைக்காரங்ககிட்ட புதன்கெழம நடந்துச்சுன்னு மட்டும் சொல்லாத. அந்த டங் டங்கை எடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம். கதை கேக்கறவங்களுக்குச் சத்தம் வேணும், அது எனக்குத் தெரியும்.

முடிக்கு எண்ணெய் வச்சுப் பின்னிக்க, போட்டோவுல பேயாட்டம் இருக்க. அழகாவும் இருக்க. முப்பத்தொண்ணுக்கு அப்பறம் பழைய விலாசத்துக்குக் கடுதாசி போடாத, மாசிலாமணி இஸ்திரி வண்டி, பார்க் பின்னாடி, கோல் மார்க்கெட்டுன்னு போடு. பச்சையம்மா சாமி உன் நாக்குலயும் கையிலயும் எப்பவும் நிக்கட்டும், நீ நல்லா இருப்ப. அந்தப் புஸ்தகம் ஒண்ணு எனக்கு அனுப்பு, படிக்கத் தெரியாட்டி என்ன, கையில வச்சுப் பாக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா வீராயி
(கைநாட்டு. மை இல்ல, இஸ்திரிப் பொட்டிக் கரியில வச்சது. கை படாமப் பிரி, ஒட்டிக்கும்.)