லீவே எடுக்காத நூர்ஜகானுக்கு

என் நூர்ஜகான் மிஸ்ஸுக்கு,

பள்ளிக்கூட கேட்டுக்குள் இருக்கிறவரை "மிஸ்", கேட்டைத் தாண்டிவிட்டால் "அடியே, வாடி, போடி" என்பதுதானே நம் வழக்கம்? இதை நான் கேட்டுக்கு வெளியே, முதுநகர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் நீ என்றே எழுதுகிறேன். நீங்கள் என்று எழுதினால் எனக்குக் கோபப்பட வராது.

கோபம்தான், வேறென்ன. முதலில் சமாச்சாரத்தைக் கேள். நாளைக்கு ஆண்டு விழா. நீ போன மறுவருஷத்திலிருந்து உன் பெயரில் ஒரு சுழற்கோப்பை கொடுக்கிறார்கள். நன்றாகக் கணக்கு நடத்தியவருக்கு என்றா நினைக்கிறாய்? இல்லையடி. ஒரு நாள்கூட லீவு எடுக்காத டீச்சருக்கு. இந்த வருஷம் அது எனக்காம்.

போன வாரம் தாளாளர் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நூர்ஜகான் மிஸ் மாதிரி ஒரு டெடிகேஷன் இனிமே யார்கிட்ட வரும் சொல்லுங்க? காய்ச்சலோட வந்து நிப்பாங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீ ஏன் லீவு எடுக்கவில்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவள் நீ. நீயோ இல்லை.

நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது கதிருக்கு நாலு மாதம். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த காலம். சிதம்பரத்தில் விடியும் முன் பஸ் ஏறினால், திரும்பி வீட்டுப் படி ஏறும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அவனுக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவே இல்லை. கொடுத்த அன்றைக்கெல்லாம் வயிற்றால் போய்த் துவண்டு கிடந்தான். கிளம்பும் முன் பீச்சி வைத்துவிட்டுப் போகிற பாலும் கொஞ்சம் கேழ்வரகுப் பாலும்தான் அவனுடைய பகல். என் பால் வற்றினால் பிள்ளை என்ன ஆவான் என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லாத நாட்கள் அவை.

என் மாமியார் சுலபமாக வழி சொல்லிவிட்டார். "மல்லிப்பூவ வெச்சுக் கட்டிக்கோ, ரெண்டு நாள்ல வத்திரும். வேலைக்குப் போற பொம்பளைக்கு எதுக்கு இந்த அவஸ்த?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த விடுதலை அவ்வளவுதான்.

மூன்றாவது பீரியட் வந்தாலே எனக்கு நெஞ்சு கல்லாகக் கனக்கும். புடவை முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்று பாடம் நடத்தினேன். ஒரு நாள் வாஷ்பேசினில் பாலைப் பீச்சிவிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது நீ உள்ளே வந்தாய். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "எத்தன மணிக்கு ஊட்டிட்டு வந்த? அடுத்து எப்ப ஊட்டுவ?" என்று கேட்டாய். கணக்கு டீச்சர் இல்லையா!

பள்ளிக்கூடத்து டைம் டேபிள் போடுகிறவளும் நீதான். அட்டையில் கலர் கலராகச் சீட்டு ஒட்டி, எந்த டீச்சர் எந்த நேரம் எந்த வகுப்பில் என்று நீ மாற்றி மாற்றி வைப்பதைப் பார்க்கவே எனக்குத் தலை சுற்றும். அன்றைக்குச் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த அட்டையையே கலைத்தாய்.

"இதப் பாரு. பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காம வெச்சா, வேணாம்போலன்னு ஒடம்பு நிறுத்திக்கும். மூணு மணி நேரத்துக்கு மேல வுடக் கூடாது. பஸ் ஏறும் முன்னாடி ஒருக்கா பையன் குடிக்கிறான். ரெண்டாவது பீரியட் ஒருக்கா, சாப்பாட்டு பெல்லுல ஒருக்கா, ஆறாவதுல ஒருக்கா. அப்புறம் ஊட்டுக்குப் போயி அவனே குடிச்சுக்குவான்."

"ஒரு ஆளுக்கு ஒரு பீரியட்தான ஃப்ரீ? நீ ரெண்டு எழுதற?"

"ரெண்டாவது உன்னுது. ஆறாவது என்னுது. உன் செவன்த் பி-க்கு நான் போய் கணக்குப் போட்டுட்டு வரேன். உன் தமிழ சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ்ல நடத்திக்கோ."

"அப்ப உனக்கு?"

"எனக்கு என்னாடி, ஊடு ரெண்டு தெரு தள்ளி. மத்தியானம் போயி எம்பொண்ணுக்குக் குடுத்துட்டு ஓடியாந்துருவேன்."

இடத்தையும் நீதான் பிடித்தாய். விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறை. தாழ்ப்பாள் கிடையாது. நான் உள்ளே பந்து மூட்டைக்கும் ஹாக்கி மட்டைக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, மெடிக்கலில் வாங்கிய ரப்பர் உருண்டைப் பம்பை அமுக்கிக்கொண்டிருப்பேன். மத்தியான முறைக்கு முன்னால் நீ வீட்டுக்கு ஓடிப்போய் உன் ரிஸ்வானாவுக்குக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் திருத்துவாய். யாராவது வந்தால் உனக்கு ஒரு இருமல் வரும். உன் இருமல் கேட்டுச் சிரிப்பை அடக்கியே எனக்குப் பாதிப் பால் இறங்கும்.

எடுத்த பாலை என்ன செய்வது? அந்த வெயிலில், அந்த பஸ்ஸில் சிதம்பரம் வரைக்கும் கெடாமல் போகாது. பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஃபிரிட்ஜ்தான், அது தாளாளர் ரூமில். கேட்டேனே. "அதுல கெஸ்ட்டுக்கு ஜூஸ் வெச்சிருக்குது மிஸ்" என்றார். கொட்டினேன். யார் காலிலும் மிதிபடாமல், எறும்பு ஏறாமல், வேலியோரச் செம்பருத்திக்கு ஊற்றினேன். அதைப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு ஒரு பக்கம்தான் பால். மற்றப் பக்கம் இறுகிக் கிடந்தது. ரிஸ்வானாவோ எட்டு மாதமாகியும் பசி அடங்காத பிள்ளை. "கொட்டறத எனக்குக் குடுடி" என்றாய். உடனே, "இரு, இரு, கேட்டுட்டுதான்" என்றாய். நான் இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன். அப்போதுதான் சொன்னாய்: "எங்கள்ல இத மறைச்சுச் செய்யக் கூடாது. வயிறு நிறைய நாலஞ்சு தடவ உம்பால குடிச்சா நீ அவளுக்கு அம்மா. உம்புள்ள அவளுக்குத் தம்பி. நாளைக்கு யாராவது தெரியாம ரெண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுடக் கூடாதுல்ல?"

லால்பேட்டையில் உன் அம்மாவைக் கேட்டாய். சவூதிக்கு போன் போட்டு உன் வீட்டுக்காரரைக் கேட்டாய். என்னையும் வீட்டில் கேட்டுவரச் சொன்னாய். "கொட்டறதுக்குக் குடுக்கறது மேல்" என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார். அடுத்த வாரத்திலிருந்து என் ரெண்டாவது பீரியட் பால் ஒரு மூடி போட்ட டம்ளரில் உன் கைப்பைக்குள் ஏறியது. உன் அம்மா ஊரிலிருந்து வந்தபோது என் கன்னத்தை வழித்து, "சம்மந்தியாவலாம்னு ஆச வெச்சிருந்தா வுட்டுடும்மா, இனி அக்கா தம்பி" என்று சிரித்தார்.

எத்தனை நாள் நிலைத்தது அது? விளையாட்டு வாத்தியார் ஏதோ தேடி வர, பின்னாலேயே தாளாளரும் வந்தார். நீ இருமினாய். அவர் நிற்கவில்லை. பாதி மூடிய புடவையோடு நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். "இது என்ன ஸ்கூலா, மாட்டுத் தொழுவமா?"

நீதான் முன்னால் வந்து நின்றாய். "சார், டைம் டேபிள் நான் போட்டது. ஒரு கிளாஸும் காலியா போவல. அவுங்க பீரியட நான் எடுக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பேரம் பேசினார், வேறென்ன வரும் அவருக்கு? "சரி. நடக்கட்டும். ஆனா நீங்க ஒரு நாள் வரலைன்னா ரெண்டு டீச்சர் கிளாஸ் காலி. பரீட்ச முடியற வரைக்கும் லீவுன்னு எங்கிட்ட வரக் கூடாது. வந்தா இதெல்லாம் கட்." நீ சரி என்றாய். தலையைக்கூட ஆட்டவில்லை, வாயால் தெளிவாகச் சரி என்றாய்.

உன் இறுகிய பக்கத்தில் கட்டி தட்டியது அதற்குப் பிறகுதான். ஸ்டாஃப் ரூமே கூடி வைத்தியம் சொன்னது. பால் கட்டிக்கொண்டது என்றார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடு, மல்லிப்பூ வைத்துக் கட்டு, சீப்பால் வாரிவிடு. பயாலஜி மிஸ்ஸும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு மாரில் கட்டி வந்தால் அது பால்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று நம் எல்லாருக்கும் அத்தனை நிச்சயம்.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மா மட்டும்தான் தொட்டுப் பார்த்துவிட்டு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போ என்று எழுதிக் கொடுத்தார். அங்கே மாரில் வரும் கட்டியைப் பார்க்கிற பிரிவு வார நாளில் காலையில்தான். அதாவது ஒரு நாள் லீவு. ஒரே ஒரு நாள். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீ மடித்துக் கைப்பையில் வைத்தாய். நான் போ போ என்று மன்றாடினேன். "ஏப்ரல்ல பரீட்ச முடியட்டும், மொத வேலையா போறேன். அதுக்குள்ள கதிருக்கும் வருசம் திரும்பிடும். பால் கட்டுதானடி, ஓடியா போயிடும்?" என்றாய்.

ஓடித்தான் போகவில்லை, உடம்பு முழுக்க நடந்தது. மே மாதம் உன்னோடு புதுச்சேரிக்கு நானும் வந்தேன். "ஏம்மா இவ்ளோ நாள் வெச்சிருந்தீங்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஸ்கூல் இருந்துச்சு சார்." வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்வதுபோல் சொன்னாய்.

அடுத்த வருஷம் இதே மாதத்தில் லால்பேட்டைக்கு உன்னைப் பார்க்க வந்தேன். மூடும் முன் உன் முகத்தைக் காட்டினார்கள். ரிஸ்வானா என் இடுப்பில் இருந்தாள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

நூர்ஜகான், எனக்கு உன் மேலேயே ஆத்திரமடி. டைம் டேபிளில் எத்தனை டீச்சர் பெயர் இருந்தது! அந்த ஆறாவது பீரியடை ஆளுக்கொரு நாள் என்று பங்கு போட்டிருந்தால் யார் தலை போயிருக்கும்? அத்தனை பெரிய கணக்குக்காரிக்கு இந்தச் சின்ன வகுத்தல் எப்படி வராமல் போனது? ஏன் எல்லாவற்றையும் உன் தலையிலேயே எழுதிக்கொண்டாய்? யாரைக் கேட்பேன் இதை?

உன் அட்டை இப்போது என் கையில். நான்தான் டைம் டேபிள் இன்சார்ஜ். இந்த வருஷம் கவிதா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிறாள், கைப்பிள்ளைக்காரி. ஒரு நாள் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றாள். அன்றைக்கே அட்டையைக் கலைத்தேன்.

நான் உன்னை மாதிரி ஒளித்துச் செய்யவில்லை. கவிதா பெயருக்கு நேரே ரெண்டு கட்டத்தில் 'பால்' என்று பட்டையாக எழுதி ஒட்டினேன். அவள் வகுப்புக்கு நாளுக்கு ஒருவர், முறை வைத்து. தலைமையாசிரியர் பெயரும் அதில் உண்டு. தாளாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ் இது?" என்றார். "படிச்சாலே தெரியுதே சார்" என்றேன். அறைக்குத் தாழ்ப்பாளும் போட வைத்தேன். முதலில் முணுமுணுத்த டீச்சர்கள் இப்போது தாங்களாகவே வகுப்புக்குப் போகிறார்கள். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது, பார்த்தாயா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோப்பை விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நான் லீவு எடுக்காதது தியாகம் எல்லாம் இல்லை, தேவை வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் தாளாளர் மேஜையில் நாளைக்கு லீவு என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஆண்டு விழா அன்னிக்கா? லீவு போட்டா கோப்பைய எப்படி மிஸ் குடுக்கறது?"

"குடுக்காதீங்க சார்."

"அப்படி என்ன தலை போற அவசரம்?"

"எம்பொண்ண பாக்கப் போறேன்."

"உங்களுக்கு ஒரே பையன்தான?"

"இல்ல சார். லால்பேட்டையில ஒரு பொண்ணு இருக்கு. பந்து மூட்டை ரூம்ல உக்காந்து பால் குடுத்த பொண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. பேனாவைத் தேடினார். நான் கையெழுத்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

நாளைக் காலை கதிரைக் கூட்டிக்கொண்டு, லால்பேட்டை வழியாகப் போகிற காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறுவேன். உன் வீட்டுக்காரர் சவூதிக்கே திரும்பிவிட்டார், பிள்ளை உன் அம்மாவிடம்தான் வளர்கிறாள். என்னைச் "செதம்பரத்தம்மா" என்று கூப்பிடுகிறாள். உன் மூக்கு, உன் இருமல்கூட. கதிரை அதட்டுகிறாள் பார், பெரிய கணக்கு டீச்சர் தோற்றாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். அவள் வளர்ந்து பெரியவளாகி, எங்கே வேலைக்குப் போனாலும், உடம்பில் எங்கே ஒரு சின்னக் கட்டி தட்டினாலும், அது பால்தான் என்று யாரையும் சொல்லவிடமாட்டேன். அன்றைக்கே அவள் லீவு போடுவாள். அவள் போடாவிட்டால் நான் போய்ப் போடுவேன். காரணம் கேட்டால் அம்மா என்று சொல்வேன்.

சிதம்பரம் பஸ் வந்துவிட்டது. வரேன்டி.

இப்படிக்கு,
உன் ரிஸ்வானாவின் பால் தாய்,
சுமதி